காட்டிக் கொடுத்தலும் உண்மை உரைத்தலும்

போரை நடுவாகக் கொண்ட வரலாற்றுத் திரைப்படங்கள் வீரத்தைக் கற்பிக்கின்றன என்பர். அஃது உண்மையே. ஆயின், இன்னார் நல்லர், இன்னார் தீயர் என்னும் தீர்ப்பையும் அவை உடன் கற்பிக்கின்றன. அத்தீர்ப்பு கொட்டகைக்கு வெளியே என்ன செய்கிறது என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதுண்டா?

பி. ஆர். பந்துலு இயக்கிய 'வீரபாண்டிய கட்டபொம்மன்' 1959ஆம் ஆண்டு வெளிவந்தது. 1960இல் கெய்ரோவில் நடைபெற்ற ஆசிய ஆப்பிரிக்கத் திரைப்பட விழாவில் சிவாஜி கணேசனுக்குச் சிறந்த நடிகர் விருதைப் பெற்றுத் தந்த படம் அது. கணியூர்ப் பக்கத்து டூரிங் கொட்டகைக்கு அது வந்தபோது, மணலில் அமர்ந்து கண்ட சிறுமியருள் நானும் ஒருத்தி. தூக்குமரக் காட்சியில் கொட்டகையே அழுதது. வீடு திரும்பும் வழியில் எல்லார் நாவிலும் இரண்டே பெயர்கள்: போற்றுதற்குக் கட்டபொம்மன், தூற்றுதற்கு எட்டப்பன்.

வரலாறு இவ்வளவு எளிதன்று. 1799இல் எட்டயபுரத்துப் பாளையக்காரர் கும்பினியார் பக்கம் நின்றார். பின்னர்ப் பாஞ்சாலங்குறிச்சி நிலத்தில் பங்கும் பெற்றார். இது மறுக்கவொண்ணாதது. ஆனால், தப்பிச் சென்ற கட்டபொம்மனைப் பிடித்து ஒப்படைத்தவர் புதுக்கோட்டைத் தொண்டைமான். அவ்வாண்டு அக்டோபர் 16ஆம் நாள் கயத்தாற்றில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார். மேலும், எட்டப்பன் என்பது தனி ஒருவரின் பெயரன்று. அப்பாளையத்தார் வழிவழியாகத் தாங்கிய பட்டம். முத்துசுவாமி தீட்சிதரை இறுதிக் காலத்தில் ஆதரித்தது அவ்வரண்மனை. 1882இல் பாரதியார் பிறந்தது அவ்வூர். பலர் பங்கு கொண்ட பழியை ஒரு பட்டப்பெயர் மட்டும் சுமக்கிறது. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியருக்குத் துணைபோன நார்வே நாட்டுக் குவிஸ்லிங்கின் பெயரும் துரோகிக்குரிய சொல்லாயிற்று. எனினும், அவராவது 1945இல் நீதிமன்றத்தில் விசாரிக்கப்பட்டார்.

பெயர் யாரைச் சுட்டினால் என்ன என்று கேட்பீர்களாயின், என் பிழை ஒன்றைச் சொல்லுதல் வேண்டும்.

ஆசிரியப் பயிற்சி முடித்துப் பணியேற்ற தொடக்க ஆண்டுகள். வகுப்பிலிருந்த தண்ணீர்ப் பானையை விளையாட்டில் சிலர் உடைத்துவிட்டனர். நான் வினவியபோது ஒரு சிறுவன் மட்டும் எழுந்து நடந்ததைச் சொன்னான். நண்பகலுக்குள் அவன் பெயர் 'எட்டப்பன்' ஆகிவிட்டது. கேட்ட நானும் சிரித்துவிட்டேன். மறுமாதம் அமராவதியில் புதுவெள்ளம் வந்தது. மாணவர் மூவர் ஒருவருக்கும் தெரியாமல் குளிக்கச் சென்றனர். ஒருவனை நீர் இழுத்துச் செல்ல, கரையில் மாடு மேய்த்தவர் பாய்ந்து மீட்டார். அவர்கள் செல்லப்போவது அச்சிறுவனுக்கு முன்பே தெரிந்திருந்தது. "ஏன் சொல்லவில்லை?" என்றேன். "சொன்னா எட்டப்பன்னு சிரிப்பாங்க, டீச்சர்" என்றான். அன்று நான் வெட்கித் தலைகுனிந்தேன்.

போர்க்களத்தில் இரு பக்கங்களே உண்டு. நம் பக்கத்துச் செய்தி வெளியே சென்றால் அது துரோகம். அவ்வளவை வாழ்க்கைக்கு வைத்தல் தகுமா? காட்டிக் கொடுப்பவன் தன் ஆதாயத்திற்காகப் பிறரை இழக்கிறான். உண்மை உரைப்பவனோ பிறர் நலத்திற்காகத் தன் நல்லுறவையும் இழக்கத் துணிகிறான். இரண்டும் வெளித்தோற்றத்தில் ஒன்றே, உள்ளத்தில் நேர்மாறு. இவ்வேறுபாட்டைத் திரை காட்டாவிடினும், வீட்டிலும் பள்ளியிலும் நாம் காட்ட வேண்டும். வாளால் மட்டுமன்று, சொல்லாலும் ஊறு செய்யலாகாது என்று ஏற்றவர்கள் நாம் அன்றோ?

படத்தைக் காணுங்கள், வீரத்தைப் போற்றுங்கள். ஆனால், உண்மை சொன்ன குழந்தையை அடுத்த முறை யாரேனும் அப்பெயரால் அழைத்தால், என்னைப் போல் சிரித்துவிடாதீர்கள்.