சிசுவின் இருதயமும் நம்முடைய விசுவாசமும்



இந்த மாதம் ஒரு கேள்வியை உங்கள் முன் வைக்கிறேன். வயது வந்த ஒருவர், "எனக்கு மருந்து வேண்டாம், ஜெபம் போதும்" என்று சொல்லலாம். அது அவருக்கும் தேவனுக்கும் நடுவே உள்ள காரியம். ஆனால் பிறந்து இரண்டு நாளான சிசுவுக்காக அதே வார்த்தையை நாம் சொல்லலாமா? இதைப் புஸ்தகம் படித்து எழுதவில்லை. என் தவறிலிருந்து எழுதுகிறேன்.

2012-ஆம் வருஷம். வேதாகமக் கல்லூரி டிப்ளமா முடித்து, மந்தைவெளியில் ஒரு மாடி வீட்டில் ஜெபக்கூட்டம் நடத்திக்கொண்டிருந்தேன். நம் விசுவாசி ஒருவருடைய மகளுக்குத் தி.நகரில் ஒரு நர்சிங் ஹோமில் ஆண் குழந்தை பிறந்தது. பார்க்க நல்ல கொழுகொழு பிள்ளை. மறுநாள் உதடும் நகமும் நீலமாகிவிட்டது. ஆக்சிஜன் வைத்தும் நிறம் திரும்பவில்லை. எக்கோ எடுத்துப் பார்த்த டாக்டர், "இருதயத்திலிருந்து புறப்படுற ரெண்டு பெரிய ரத்தக்குழாயும் இடம் மாறியிருக்கு. உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க, ஆபரேஷன் பண்ணணும்" என்றார்.

குழந்தையின் தகப்பன் எனக்குப் போன் பண்ணினான். "ஐயா, என்ன செய்யட்டும்?" என்று அழுதான். நான் சொன்னேன்: "தம்பி, பயப்படாதே. பச்சைப் பிள்ளையின் நெஞ்சைத் திறக்க விடாதே. மூன்று நாள் உபவாசம் இருப்போம். கர்த்தர் அற்புதம் செய்வார்."

அந்த மூன்று நாளில் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாது. பிறகுதான் தெரிந்துகொண்டேன். நம் உடம்பில் கெட்ட ரத்தம் நுரையீரலுக்குப் போய்ச் சுத்தமாகித் திரும்பி, உடம்பெங்கும் ஓடுகிறது. குழாய்கள் இடம் மாறிய சிசுவிலோ கெட்ட ரத்தம் உடம்பையே சுற்றும். சுத்த ரத்தம் நுரையீரலையே சுற்றும். தாயின் வயிற்றில் இருந்தபோது திறந்திருந்த ஒரு சிறு குழாயும், இருதயத்தின் மேலறைச் சுவரில் உள்ள ஒரு சிறு துவாரமும்தான் இரண்டையும் கொஞ்சம் கலக்கவிட்டு உயிரைக் காக்கின்றன. அந்தக் குழாய் பிறந்த சில நாட்களில் தானாக மூடிக்கொள்ளும். அது மூடும் நாட்களைத்தான் நான் உபவாச நாட்களாகக் குறித்தேன்!

என்னைத் தடுத்தது ஒரு பாட்டியம்மா. மயிலாப்பூர் தெற்கு மாட வீதியில் காய்கறி விற்பவர். எழுதப் படிக்கத் தெரியாது. போனைப் பேரனின் தகப்பன் கையிலிருந்து வாங்கி, "பாஸ்டரய்யா, உபவாசம் நீங்க இருங்க, நானும் இருக்கேன். ஆஸ்பத்திரி வாசல்ல உக்காந்து இருப்போம். புள்ளைய மூச்சு இல்லாம உபவாசம் போடாதீங்க" என்றார்.

ஆம்புலன்ஸ் புறப்பட்டது. நானும் பின்னால் போனேன். சிறு குழாய் மூடாதபடி மருந்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றினார்கள். பத்தாம் நாள் ஆபரேஷன். இரண்டு பெரிய குழாய்களையும் வெட்டி, மாற்றித் தைத்து, இருதயத்துக்கே ரத்தம் தரும் சேமியா போன்ற நுண்குழாய்களையும் இடம் பெயர்த்து வைக்கிறார்கள். பிரேசில் நாட்டில் அதிப் ஜட்டேனே என்ற வைத்தியர் 1975-இல் முதலில் வெற்றிகரமாகச் செய்த முறை இது. அதே 1975-இல் நம் பெரம்பூர் ரயில்வே ஆஸ்பத்திரியில் டாக்டர் கே.எம். செரியன் இந்தியாவின் முதல் பைபாஸ் ஆபரேஷனைச் செய்தார். 2025-இல் காலமான அவர், இந்தப் பட்டணத்தில் குழந்தைகளின் இருதய சிகிச்சைக்கும் வழி திறந்தவர்களில் ஒருவர். அந்தப் பையன் இப்போது உயர்நிலைப் பள்ளியில் படிக்கிறான். என்னைக் கண்டால் "ஸ்தோத்திரம் ஐயா" என்பான். எனக்கு உள்ளே குத்தும்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். சபை சிறியது, ஒரு பெரிய சாட்சி எனக்குத் தேவைப்பட்டது. அதற்கு அந்தப் பிள்ளையின் மூச்சைப் பணயம் வைத்தேன். என் சரீரத்தை வைத்து நான் சாட்சி சொல்லலாம். பேசத் தெரியாத சிசுவின் சரீரம் என் சாட்சிக்கான பொருள் அல்ல.

1954-இல் அமெரிக்காவில் மின்னசோட்டாவில் டாக்டர் லில்லிஹெய் என்பவர், ஒரு வயதுச் சிறுவனின் இருதயத் துவாரத்தை மூடினார். அதற்கு ஏற்ற இயந்திரம் அன்று அவர் கையில் இல்லை. தகப்பனைப் பக்கத்து மேஜையில் படுக்கவைத்து, இருவர் ரத்தக்குழாய்களையும் இணைத்தார்கள். தகப்பனின் இருதயமே இருவருக்கும் துடித்தது. பதினோராம் நாள் நிமோனியாவில் அந்தச் சிறுவன் மரித்தான். ஆனாலும் மற்றப் பெற்றோர்களும் துணிந்து படுத்தார்கள். பிள்ளைக்காகத் தன்னைக் கொடுப்பதுதான் விசுவாசம். தன் விசுவாசத்துக்காகப் பிள்ளையைக் கொடுப்பது வேறு.

இன்னொரு வீட்டையும் சொல்லாவிட்டால் இது பாதி உண்மை. அடையாறில் ஒரு குடும்பம். குழந்தைக்கு இருதயத்தின் இடது பாகமே வளரவில்லை. இதற்கு ஒன்றல்ல, மூன்று ஆபரேஷன் வேண்டும். மூன்றும் முடிந்தாலும் இருதயம் முழுமையாகாது. முதல் ஆபரேஷனுக்குப் பிறகு குழந்தை போய்விட்டது. "ஐயா, எங்க விசுவாசம் குறைஞ்சதா?" என்று தாய் கேட்டாள். தாவீது ராஜா ஏழு நாள் உபவாசித்தும் அவன் சிசு மரித்ததை நினைவுபடுத்தினேன். பிறகு பேசாமல் கூட உட்கார்ந்தேன். இப்படிப்பட்ட நோயில், டாக்டர்களிடம் எல்லாம் கேட்டறிந்து, "எங்க மடியிலேயே இருக்கட்டும்" என்று தீர்மானிக்கும் பெற்றோரும் உண்டு. அவர்களை நியாயந்தீர்க்க நாம் யார்? பிழைக்க நல்ல வழி இருக்கும்போது தடுப்பதும், வழி மிக ஒடுக்கமானபோது கலங்கி நிற்பதும் ஒன்றல்ல.

பிரியமானவர்களே, கர்ப்பவதிகள் ஐந்தாம் மாத ஸ்கேனைத் தவறவிடாதீர்கள். இருதயத்தில் சந்தேகம் என்றால் அதற்குரிய ஆஸ்பத்திரியிலேயே பிரசவத்துக்கு ஏற்பாடு செய்யுங்கள். உதடு நீலமானாலும், பால் குடிக்கையில் வியர்த்து மூச்சு வாங்கினாலும் எனக்கு முதலில் போன் பண்ண வேண்டாம், டாக்டரிடம் ஓடுங்கள். வண்டியில் ஏறிய பிறகு எனக்குச் சொல்லுங்கள். வாலிபர்களே, ரத்தம் கொடுக்க ஆயத்தமாயிருங்கள்.

உபவாசம் நாங்கள் இருப்போம். ஆஸ்பத்திரி வாசலில். ஆமென்.