மறுபடி எழுதட்டுமா, அம்மா?

ஹால் டிக்கெட்டைத் திருவொற்றியூர் வடிவுடையம்மன் பாதத்தில் வைத்து வாங்கி, நெற்றியில் குங்குமம் இட்டுப் பிள்ளையைப் பரீட்சைக்கு அனுப்புகிறோம். முடிவு வருகிறது. மார்க் போதவில்லை! டாக்டர் கனவோடு இருந்த பிள்ளை, 'இன்னொரு வருஷம் படிச்சு மறுபடி எழுதட்டுமா, அம்மா?' என்று கேட்கிறது. 'கிடைத்த காலேஜில் சேர்த்து விடுங்கள்' என்கிறார்கள் உறவினர்கள்.

மறுபடி எழுத நினைப்பது விடாமுயற்சியா? அல்லது, தெய்வம் காட்டிய வழியை ஏற்காத பிடிவாதமா?

பதிலுக்கு வெகுதூரம் போக வேண்டாம். நம் சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்த ஒருவரின் கதையே போதும்.

அவர்தான் கணிதமேதை ராமானுஜன். 1904-ல் உதவித்தொகையோடு கும்பகோணம் அரசுக் கல்லூரியில் எஃப்.ஏ. சேர்ந்தார். கணக்கிலேயே மூழ்கி மற்ற பாடங்களைக் கோட்டை விட்டார், உதவித்தொகை போயிற்று. பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரியில் படித்து 1906-ல் எழுதினார், தோல்வி. 1907-ல் மீண்டும் எழுதினார், மீண்டும் தோல்வி! நாமக்கல் நாமகிரித் தாயாரைக் குலதெய்வமாகக் கொண்ட குடும்பம் அது. தாயார் கைவிட்டு விட்டாளா?

இல்லை. அவருடைய நோட்டுப் புத்தகங்கள் கணக்குகளால் நிரம்பிக்கொண்டே இருந்தன. 1912 மார்ச் முதல் தேதி, மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் துறைமுக வேலை கிடைத்தது. அங்கே நாராயண ஐயரும், தலைவர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கும் அவர் அருமையை உணர்ந்து உதவினார்கள். 1914-ல் அதே துறைமுகத்திலிருந்து இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். 1918-ல் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக ஏற்றது. 1993-ல் ராயபுரத்தில் அவருக்கு அருங்காட்சியகமே அமைத்தார் பி.கே.சீனிவாசன் என்ற கணித ஆசிரியர்.

'அப்படியானால் பரீட்சையே வேண்டாமே' என்று நினைத்துவிடக் கூடாது. டாக்டராவதற்கு அந்த ஒரு வாசல்தான். எழுதித்தான் ஆக வேண்டும். ராமானுஜனைத் தோற்கடித்தவை அவருக்குப் பிடிக்காத பாடங்கள். நம் பிள்ளையும் போன வருஷம் ஒதுக்கிய பாடத்தை இந்த வருஷமும் ஒதுக்கினால், மறுபடி எழுதி என்ன பயன்?

இன்னொன்றும் பார்க்க வேண்டும். பிள்ளை விரும்புவது அந்த வேலையையா, அல்லது பெயரோடு சேரும் பட்டத்தையா? நோயாளிக்கு அருகில் உட்காரும் பொறுமை இருக்கிறதா? இருந்தால், தாராளமாக எழுதட்டும். வெறும் பட்டத்துக்காகத்தான் என்றால், அதுதான் பிடிவாதம்.

ஒருவேளை மறுபடியும் கைகூடாவிட்டால்?

திருவொற்றியூரில் வாழ்ந்த கலிய நாயனாரை நினைத்துக்கொள்ளுங்கள். எண்ணெய் வணிகரான அவர் கோயில் முழுதும் விளக்கேற்றி வந்தார். செல்வம் கரைந்ததும், கூலிக்குச் செக்காட்டி விளக்கெரித்தார். வணிகர் கூலியாள் ஆனார். திருப்பணி மட்டும் நிற்கவில்லை. டாக்டராக முடியாத பிள்ளை நர்ஸாகவோ, லேப் டெக்னீஷியனாகவோ அதே நோயாளிக்குத் தொண்டு செய்யலாம். அது தோல்வி ஆகாது.

எனவே, மறுபடி எழுதக் கேட்கும் பிள்ளையிடம் எத்தனை முறை, எவ்வளவு செலவு என்பதை முதலிலேயே உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள். அதன் பிறகு, பக்கத்து வீட்டுப் பிள்ளையின் மார்க்கைப் பற்றி வீட்டில் பேச்சே எடுக்காதீர்கள். அடுத்த வெள்ளிக்கிழமை அம்மன் சந்நிதியில் நிற்கும்போது, 'மார்க் கொடு தாயே' என்பதோடு, 'எது வந்தாலும் என் பிள்ளை மனசு உடையாமல் காப்பாற்று' என்றும் வேண்டிக்கொள்ளுங்கள். வடிவுடையாள் துணை இருப்பாள்!