மனச்சோர்வும் மஹாவிச்வாஸமும்

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

எம்பெருமானையே தஞ்சமாகப் பற்றின ஒருவர் மனச்சோர்வு என்னும் நோய்க்கு ஆளாகக்கூடுமோ? ஆளானால் அது அவருடைய விச்வாஸக் குறைவுக்கு அடையாளமோ? மருத்துவரை நாடுவது ப்ரபத்திக்கு விரோதமோ? நம் திருமாளிகைகளில் இக்கேள்விகளை வாய்விட்டுக் கேட்பவர் அரியர். கேட்கப்படாமையாலேயே பலர் தனியே துன்புறுகின்றனர்.

திருவரங்கத்துப் பெரியபெருமாள் விஷயமான திருவாய்மொழி ஏழாம் பத்தின் இரண்டாம் பதிகத்தை இங்கே நினைப்பது தகும். முந்தைய பதிகத்தில் ஆழ்வார் தாமான தன்மையில் நின்று, ஐம்புலன்கள் தம்மைப் படுத்தும் பாட்டைச் சொல்லிக் கதறினார். இப்பதிகத்திலோ பேச்சு தாயின் வாய்க்கு மாறுகிறது. பராங்குச நாயகி தன் நிலையை எடுத்துரைக்க மாட்டாதவளாய், சில சொற்களைச் சொல்லித் தளர்கிறாள். அவளுக்காகத் தாயே அரங்கனிடம் விண்ணப்பம் செய்கிறாள். மகள் உறக்கம் இழந்ததும், கண்ணீர் ஓயாததும், நிலத்தைக் கையால் தடவியபடி இருப்பதும், மோகித்து விழுவதும் அவள் கண்ணுக்குத் தப்பவில்லை. மகளை அவள் கடிந்துகொள்ளவும் இல்லை.

தாயின் நிலையை உபாயத்தில் துணிவுடைய நிலையாக ஆசார்ய ஹ்ருதயம் காட்டுகிறது. அத்தகைய துணிவுடையவளே ஒவ்வொரு அடையாளத்தையும் விடாமல் கவனிக்கிறாள் என்பது நோக்கத்தக்கது. விச்வாஸம் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்வதன்று.

ஆழ்வாருடைய ஆற்றாமையை நோய் என்று நாம் சொல்ல வரவில்லை. அது பகவத் விஷயத்தில் பிறந்த பெருவிடாய். தளரத் தளர ருசி வளரும். மனச்சோர்விலோ ருசியே வற்றிப்போகிறது. ஆயினும், துன்புறுபவர் ஒருவரைக் கண்டு, 'இது பக்தியின் முதிர்ச்சி' என்று நாமே முடிவுகட்டி வாளாவிருப்பது தகாது.

மருத்துவர்கள் கூறும் அடையாளங்கள் இவை: நாளின் பெரும்பகுதியும் நீங்காத துயரம், அல்லது முன்பு விரும்பிய எதிலும் விருப்பமின்மை; இவற்றோடு உறக்கமோ பசியோ குறைதல் அல்லது மிகுதல், காரணமற்ற களைப்பு, மனம் ஒன்றில் நில்லாமை, பேச்சும் நடையும் தளர்தல் அல்லது இருப்புக்கொள்ளாமை, தான் பயனற்றவன் என்னும் எண்ணம், மிகையான குற்றவுணர்வு, மரண நினைவு. இவற்றுள் பல சேர்ந்து, ஏறக்குறைய ஒவ்வொரு நாளும், இரண்டு வாரங்களுக்குக் குறையாமல் நீடித்தால் மருத்துவரை நாட வேண்டும். முதியோரிடம் இது உடல்வலியாகவும், இளையோரிடம் எரிச்சலாகவும் தோன்றுவதுண்டு.

நம்மவர்களிடம் இவ்வடையாளங்கள் வேறு உடையில் வரும். நாள்தோறும் திருவாராதனம் செய்தவர் கோயிலாழ்வாரைத் திறக்கவும் மனமின்றி அமர்ந்திருப்பார். சேவாகால கோஷ்டியில் முன்னின்றவர் வருவதை நிறுத்திவிடுவார். 'அபசாரப்பட்டுவிட்டேன், எம்பெருமான் கைவிட்டான்' என்று ஓயாது சொல்லுவார். அக்குற்றவுணர்வே நோயின் அடையாளமாகலாம். அவரிடம் 'இன்னும் நூறு முறை பாராயணம் செய்' என்றால், செய்ய இயலாமை மற்றுமொரு குற்றமாக அவர் தலையில் ஏறும். கால் முறிந்தவரைக் கிரிப்ரதக்ஷிணம் செய்யச் சொல்வோமோ?

மருந்துண்பது வேறோர் உபாயத்தைப் பற்றுவதாகாது. ப்ரபத்தி மோக்ஷத்துக்கு உபாயம். மருந்து உடல் நோய்க்குப் பரிஹாரம். பசிக்கு அன்னம் உண்பதால் ப்ரபந்நனின் அநந்யகதித்வம் குலைவதில்லை. மனச்சோர்வும் மூளையையும் உடலையும் பற்றிய நோயே. திருவரங்கத்திலேயே இதற்குச் சான்று உண்டு. திருக்கோயிலில் தந்வந்த்ரி ஸந்நிதி இருக்கிறது; அங்கிருந்த ஆரோக்யசாலையைக் கருடவாஹன பட்டர் புதுப்பித்ததை 1493ஆம் ஆண்டுக் கல்வெட்டு சொல்லுகிறது. அரங்கன் திருமதிலுக்குள்ளேயே மருத்துவத்துக்கு இடமளித்தவர்கள் நம் பூர்வர்கள்.

ஆகையால் அடையாளம் கண்டவர் அருகே அமர்ந்து, உபதேசிக்காமல் கேட்க வேண்டும். சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என நேராகவே கேட்கலாம். கேட்பதால் அவ்வெண்ணம் புதிதாய் முளைப்பதில்லை. ஆம் என்றால் அவரைத் தனியே விடாமல், பூச்சிமருந்து போன்றவற்றை அகற்றி, உடனே மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். திருவரங்கத்தார்க்குக் காவிரியின் தென்கரையில், திருச்சிராப்பள்ளி மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனை உள்ளது. 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் சேவையை இந்தியாவில் எங்கிருந்தும், இரவும் பகலும், 14416 என்ற எண்ணில் அழைக்கலாம். அயல்நாட்டு அடியார்கள் தத்தம் நாட்டு உதவி எண்ணை இன்றே குறித்து வைத்துக்கொள்வது நலம்.

அநுஸந்திக்க இயலாதவருக்காக நாம் அநுஸந்திப்போம், அரங்கனிடம் விண்ணப்பிப்போம். மருத்துவமனை வாசல்வரை அவர் கையையும் பற்றிச் செல்வோம். இரண்டும் ததீய கைங்கர்யமே.

ஆழ்வார் எம்பெருமானார் ஜீயர் திருவடிகளே சரணம்.