குரலுக்கு உரியவர் எவர்?

பெத்தானியாவில் மரியா நறுமணத் தைலத்தை ஆண்டவரின் காலடிகளில் பூசியபோது யூதாசு எழுப்பிய வினாவை நாம் அறிவோம். முந்நூறு தெனாரியம் பெறுமானமுள்ள பொருளை வீணாக்காமல் ஏழைகளுக்குக் கொடுத்திருக்கலாகாதா? கேட்டவன் கள்வன் என்பதால் கேள்வியும் கள்ளத்தனமானது என்று தள்ளிவிட முடிவதில்லை. நம் பங்கில் பழைய ஒலிநாடாக்களைக் காப்பதற்கு நிதி தேடலாம் என்ற பேச்சு எழுந்தபோது, அதே கேள்வியை மிகவும் நல்லவரான ஒருவர் எழுப்பினார். மழைக்கு ஒழுகும் கூரைகள் கோயிலைச் சுற்றிலும் இருக்க, இறந்தோரின் குரலுக்குப் பணமா?

நாடாக்கள் என்று நாம் குறிப்பிடுவது பங்கு இல்லத்து அலமாரியில் கிடந்த ஒரு தகரப் பெட்டியை. முன்னர்ப் பணியாற்றிய பங்குத்தந்தை ஒருவர் 1970-களில் ஊராரின் பாடல்களைப் பதிவுசெய்து அதில் வைத்துச் சென்றார். தவக்காலப் புலம்பல், உபதேசியார் ஒருவர் முன்சொல்ல மக்கள் பின்சொல்லும் செபமாலை, நடவுப் பாடல், இரண்டு ஒப்பாரிகள். இவை காகிதத்தைப் போல் பொறுமையாகக் காத்திருப்பவை அல்ல. நாடாவின்மேல் காந்தத் துகளைப் பிடித்துவைத்திருக்கும் பசை, சிலவகை நாடாக்களில், ஆண்டுகள் செல்லச் செல்லக் காற்றின் ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுத்துப்போகிறது. அத்தகைய நாடாவைக் கருவியிலிட்டு ஓட்டினால் துகளே உரிந்து வரும். கேட்கும் கணமே குரல் அழியும் கணமாகிவிடும். கருவிகளும் அருகிவிட்டன; அவற்றைப் பழுதுபார்க்கத் தெரிந்தவர்கள் அதனினும் அருகிவிட்டார்கள். 2025-ஆம் ஆண்டுக்குள் எண்ணிம வடிவுக்கு மாற்றப்படாத காந்த நாடாக்களில் பெரும்பகுதி இழக்கப்படும் என்று ஆஸ்திரேலியாவின் தேசியத் திரைப்பட, ஒலி ஆவணக் காப்பகம் 2015-இலேயே எச்சரித்தது. அக்கெடு வந்தேவிட்டது.

நல்லவர் எழுப்பிய கேள்விக்கு நாம் கண்ட விடை எளியது. அப்பெட்டியில் இருந்தவை ஏழைகளின் குரல்களே. எழுதத் தெரியாத அவர்கள் இவ்வுலகில் விட்டுச்சென்ற ஒரே கையொப்பம் அது. கூரை வேய்வதற்கு வைத்த பணத்தை நாம் தொடவில்லை. இதற்கென்றே கொடுப்பவர்களிடம் கேட்கலாம் என்றுதான் எண்ணினோம்.

கொடுப்பவர்கள் இல்லாமல் இல்லை. உலகெங்கும் அழியும் நிலையிலுள்ள ஆவணங்களுக்காகப் பிரித்தானிய நூலகத்தின் வழியே 2004 முதல் நல்கைகள் வழங்கப்பட்டு வந்துள்ளன. நம் நாட்டின் 'யங் இந்தியா' இசைத்தட்டுகள் எண்ணிமமாக்கப்பட்டது அவ்வாறே. அமெரிக்காவில் மெலன் அறக்கட்டளையின் பொருளுதவியோடு, இடருக்குள்ளான ஒலிப்பதிவுகளுக்கெனவே 2017-இல் ஒரு நல்கைத் திட்டம் தொடங்கிற்று. அதே பிரித்தானிய நூலகம் தன் ஒலிச்செல்வத்தைக் காக்க முனைந்தபோது, அந்நாட்டுப் பரிசுச்சீட்டு நிதியிலிருந்து ஏறத்தாழ 95 இலட்சம் பவுண்டு பெற்றது. 2003-இல் தமிழகத்தில் பரிசுச்சீட்டு தடைசெய்யப்படும்வரை அது எத்தனை குடும்பங்களைத் தெருவில் நிறுத்தியது என்று கண்ட நமக்கு இச்செய்தி சற்றே உறுத்துகிறது. எனினும் அதை இங்கே விரித்தால் கட்டுரை வேறாகிவிடும்.

நல்கை வேண்டும் விண்ணப்பத்தில் சில கேள்விகள் தவறாமல் இருக்கும். எவ்வளவு விரைவில் அழியும்? யாருக்குப் பயன்? இவற்றை ஒரே மாலையில் எழுதி முடித்தோம். மூன்றாவது கேள்வியில்தான் எழுதுகோல் நின்றது. இப்பதிவுகளின்மேல் உரிமை எவருக்கு? இவற்றை அனைவரும் கேட்கத் திறந்துவைப்பீர்களா?

இக்கேள்வி புதியதன்று, களத்துக்குச் சென்று ஒலியைப் பதிவுசெய்யும் வழக்கத்தோடேயே பிறந்தது. 1890 மார்ச்சில் ஜெஸ்ஸி வால்டர் ஃபியூக்ஸ் என்னும் ஆய்வாளர், எடிசனின் ஒலிவரைவியைத் தூக்கிக்கொண்டு அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்துக் கேலஸ் ஊருக்குச் சென்றார். பாஸ்டன் நகரத்துச் செல்வச் சீமாட்டி மேரி ஹெமன்வே பொருளுதவி செய்தார். அங்கு வாழ்ந்த பாசமகுவாடிப் பழங்குடியினர், பிரெஞ்சு மறைப்பணியாளர்களின் காலந்தொட்டே கத்தோலிக்கர்கள். அவர்களுடைய பாடல்களும் கதைகளும் மெழுகு உருளைகளில் பதிந்தன. பொருள் கொடுத்தவரின் பெயர் நின்றது. பதிவுசெய்தவரின் பெயர் நின்றது. உருளைகள் ஹார்வர்டின் பீபாடி அருங்காட்சியகத்துக்குச் சென்று, பின்னர்க் காங்கிரசு நூலகத்தை அடைந்தன. பாடியவர்களின் ஊருக்கு நாடா நகல்கள் திரும்பியது 1980-களில். இரைச்சலினூடே ஒரு சொல்லைப் பிடிப்பதே பெரும்பாடாயிருந்தது.

அண்மைக் காலத்தில் புதிய கருவிகளால் மீண்டும் தெளிவாகப் பெயர்த்தெடுத்தபோதுதான் காப்பாளர்கள் முறையை மாற்றினார்கள். அச்சமூகத்தின் மூத்தோரை அழைத்துக் கேட்கச் செய்தார்கள். பாடல்களுக்கு அவர்கள் தம் மொழியிலேயே பெயரிட்டார்கள். எது எவ்வாறு வெளியுலகுக்குச் செல்லலாம் என்பதையும் அவர்களே சொன்னார்கள். மூன்று தலைமுறைகளுக்குமேல் கடந்த பிறகேனும் அது நடந்தது. ஆலயக் காணிக்கைப் பெட்டியில் இரண்டு காசு போட்ட கைம்பெண்ணை ஆண்டவர் ஒருவரே கணக்கில் எடுத்துக்கொண்டார் என்பதை நாம் எண்ணிக்கொண்டோம். பணம் தந்தவரும் கருவி தந்தவரும் கொடையாளர் என்றால், குரல் தந்தவர் யார்?

ஆகவே பெட்டியில் இருந்த நாடாக்களின் மேலட்டையில் கண்ட பெயர்களைத் தேடிப் புறப்பட்டோம். பெரும்பாலோர் கல்லறையில் இருந்தார்கள். பிள்ளைகளோ மகிழ்ந்தார்கள், உபதேசியாரின் பேரன் நம் கையைப் பற்றிக்கொண்டு விடவேயில்லை. ஒப்பாரி பாடியவரின் மகள் மட்டும் வாசலிலேயே நின்றார். "ஐயா, அது எங்கப்பா செத்தப்போ அம்மா அழுதது. ஊருக்குப் பாடினதில்லையே" என்றார்.

அப்போது நமக்கு வந்த வாதங்கள் பல. இம்மண்ணின் இலக்கியம் அது, ஆய்வாளருக்கு அரும்பொருள், அழிந்தால் மீளாது. அனைத்தும் உண்மையே. ஆனால் அவற்றுள் ஒன்றையேனும் அவர் முகத்துக்கு நேரே சொல்ல நாவெழவில்லை. ஒப்புரவு அருளடையாளத்தில் கேட்டதைக் காலத்துக்கும் மறைத்துவைக்கும் திருச்சபையின் மக்கள் நாம். காக்கப்பட வேண்டியவை எல்லாம் கேட்கப்பட வேண்டியவை அல்ல என்பதை நம்மைவிட எவர் அறிவார்? அழவும், அழுததை ஊர் மறக்கவும் ஒரு பெண்ணுக்கு உரிமை உண்டு. துயரத்தைப் பதிவுசெய்தவர் குருவாயிருந்ததால் அது பொதுச்சொத்தாகிவிடாது.

அந்த நாடாவைப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டோம். விண்ணப்பத்தில் நாம் மிகவும் வலியுறுத்தி எழுதியிருந்ததே அதுதான் என்பதால், நல்கை கிடைக்கும் வாய்ப்பும் குறைந்திருக்கக்கூடும்.

பிறகு ஒருநாள் அம்மகளே பங்கு இல்லத்துக்கு வந்தார். ஊர் கேட்க வேண்டாம். தாம் மட்டும் ஒருமுறை கேட்க வேண்டும் என்றார். கருவி ஒன்றைத் தேடிக் கண்டுபிடித்தோம். நாடாவின் நிலையைக் கண்ட பழுதுபார்ப்பவர், ஒரேயொரு முறைதான் ஓடும், பிறகு ஒன்றும் மிஞ்சாது என்கிறார். அந்த ஒருமுறை ஓடும்போது நகல் எடுத்துக்கொள்ளலாமா என்று அவரிடம் நாம் இன்னும் கேட்கவில்லை.