வழிப்போக்கனின் கடன்

பயணத்தைக் குறிக்கும் ‘ஸஃபர்’ என்னும் அரபுச் சொல், திரை விலகுதல், வெளிப்படுதல் என்னும் பொருளுடைய வேரினின்று பிறந்தது. மனிதனின் இயல்பை மூடியிருக்கும் திரையைப் பயணம் விலக்கிவிடுகிறது; ஆதலின் அதற்கு இப்பெயர் வாய்த்தது என்று இமாம் கஸ்ஸாலி போன்ற முன்னோர் விளக்கம் கூறுவர். இவ்விளக்கத்தை மாணவர்களுக்குப் பல்லாண்டுகள் சொல்லிக் கொடுத்தவன் நான். ஆயினும், பயணமே ஒரு திரையாகிவிடவும் கூடும் என்பதை இத்தாலி நாட்டில்தான் உணர்ந்தேன்.

2023ஆம் ஆண்டு மே மாதம், மிலான் நகரில் பணிபுரியும் மகனிடம் நானும் என் துணைவியாரும் சென்றிருந்தோம். மகன், மருமகள், ஒன்பது வயதுப் பேரன் ஆகியோருடன் அதிவிரைவு இரயிலில் ஃபிளாரன்ஸ் நகருக்குப் புறப்பட்டோம். போ ஆற்றுச் சமவெளியின் வயல்களும், வரிசையாய் நின்ற பாப்லர் மரங்களும், ஓடு வேய்ந்த பண்ணை வீடுகளும் பின்னோக்கி ஓடின. பேரன் சன்னலை விட்டு அகலவில்லை. பொலோஞா நகரைக் கடந்த சற்று நேரத்தில் இருள் சூழ்ந்தது. நொடிப்பொழுது வெளிச்சம், மீண்டும் இருள்.

“நன்னா, மலை எங்கே?” என்று வினவினான்.

“மலைக்குள்தான் போய்க்கொண்டிருக்கிறோம்” என்றேன்.

“உள்ளே இருந்தும் ஏன் தெரியவில்லை?” என்றான்.

என்னிடம் விடை இல்லை. மகன் விளக்கினான். பொலோஞாவுக்கும் ஃபிளாரன்ஸுக்கும் இடையே 2009 டிசம்பரில் திறக்கப்பட்ட அப்பாதையின் நீளம் ஏறத்தாழ 78 கிலோமீட்டர். அதில் 73 கிலோமீட்டர் சுரங்கம். அப்பெனின் மலைத்தொடரை நாற்பது நிமிடத்திற்குள் கடந்துவிடலாம். ஆனால் அச்சுரங்கங்களைக் குடைந்தபோது, மலை தன் வயிற்றில் சேர்த்து வைத்திருந்த நீர் குடைந்த வழியே வடிந்துபோயிற்று. முஜெல்லோ வட்டாரத்தில் ஊற்றுகள் பல வற்றின, ஓடைகள் வறண்டன. அதுபற்றிய வழக்கு நீதிமன்றங்களில் ஆண்டுக்கணக்கில் நடைபெற்றது.

அன்று முதல் ஒரு கேள்வி என்னை விடவில்லை. பிறருடைய இழப்பினால் விளைந்த வசதியை, அவ்விழப்பை அறியாமலே துய்ப்பவன் அவர்களுக்குக் கடன்பட்டவன்தானா?

“சீட்டுக்குரிய பணத்தைக் கொடுத்துவிட்டோமே, அத்தா!” என்றான் மகன். அதில் நியாயம் உண்டு. முழங்கால் வலியுடைய அவன் தாயார் களைப்பின்றி வந்து சேர்ந்ததும் அப்பாதையினால்தான். சுரங்கம் இல்லையேல் வயல்களையும் ஊர்களையும் பிளந்துகொண்டு பாதை போயிருக்கும் என்பதையும் மறுப்பதற்கில்லை. ஆயினும், சீட்டின் விலையில் இருக்கையின் மதிப்பு அடங்கும். வற்றிய ஊற்றின் மதிப்பு அடங்காது.

தவறுதலாகப் பிறர் பொருளை அழித்தவன்மீது பாவம் இல்லை. ஈடு செய்யும் பொறுப்பு மட்டும் அவனை விட்டு நீங்காது என்பது சட்ட நூலோர் முடிபு. அறியாமை குற்றத்தை அகற்றலாம். மற்றவரின் உரிமையை அகற்றாது. ஆனால் அழித்தவன் வேறு, அதன் பயனைத் துய்ப்பவன் வேறு அன்றோ? ஈடு செய்தல் முன்னவன் கடமை. பின்னவன் கடமை என்ன?

திரும்பும்போது நின்று நின்று செல்லும் இரயிலில் வருவோம் என்றேன். பிராட்டோவைக் கடந்ததும் பிசென்சியோ ஆறு எங்களோடு கூட வந்தது. சிறு நிலையங்களில் பள்ளிப் பிள்ளைகள் ஏறி இறங்கினர். பேரன் தேடிய மலை சன்னலில் நின்றது. வெர்னியோவுக்குப் பின், 1934இல் திறக்கப்பட்ட பதினெட்டரைக் கிலோமீட்டர் நீளமுள்ள பழைய சுரங்கத்துள் நுழைந்தோம். எரிவாயுவோடும் பெருகிவந்த நீரோடும் போராடிக் குடையப்பட்டது அது. 90க்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் அப்பணியில் உயிர் நீத்தனர். அதன் நடுவே முன்பு ஒரு நிலையம் இயங்கியது. அங்கிருந்து மேலேயுள்ள சிற்றூருக்கு 1,800க்கும் மேற்பட்ட படிகள் ஏறிச் செல்ல வேண்டியிருந்தது.

நான் வேண்டித் தேர்ந்த மெதுவான வழியும் தூய்மையானதன்று என்பது அப்போது விளங்கிற்று. பழைய பாதைக்கு உயிர்களும் புதிய பாதைக்கு ஊற்றுகளும் விலையாயின. யாருடைய இழப்பும் கலவாத வழி ஒன்றைத் தேடிப் போவோமாயின் வீட்டை விட்டே புறப்பட இயலாது. ஆகவே வண்டியில் ஏறாதிருப்பது அக்கடனுக்கு விடை ஆகாது.

பயன் துய்ப்பவனின் கடமை முதலாவதாக அறிதல், அறிந்ததை மறைக்காது சொல்லுதல், அடுத்த மலையைக் குடைய முற்படும்போது, “இங்கு யாருடைய தண்ணீர் இருக்கிறது?” என்று கேட்பவர் பக்கம் நிற்றல். இந்த அளவேனும் செய்யாதவன் நாடுகள் பல கடந்தாலும் இருளில் அமர்ந்திருந்தவனே ஆவான்.

சுரங்கத்தின் இருளில் பேரனிடம் அந்தத் தொழிலாளர்களைப் பற்றிச் சொன்னேன். வெளிச்சம் வரும்வரை அவன் பேசவில்லை. பிறகு, “அவர்களுடைய பெயரெல்லாம் எங்கேயாவது எழுதியிருக்கிறதா, நன்னா?” என்று கேட்டான். கேட்கத் தொடங்கிவிட்டான், திரை சற்றே விலகியது என எண்ணிக்கொண்டேன்.