தானமாக வந்த மாடு

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாகாது என்பார்கள். ‘லாக்ஃபோர்ஜே’ என்பது ஜாவா மொழியில் எழுதிய நிரல். கணினியின் நடப்புகளைக் குறித்துவைக்கும் கணக்கப்பிள்ளை. யாரும் இலவசமாக எடுக்கலாம். திருத்திக் கொடுக்கவும் செய்யலாம். அப்படி ஒருவர் கொடுத்த வசதியை 2013-ல் ஏற்றார்கள். குறித்துவைக்க வந்த வரியே கட்டளையாகித் திருடனுக்குக் கதவைத் திறக்கும் என்பது 2021 டிசம்பரில்தான் வெளியாயிற்று. பெரிய நிறுவனங்கள் பதறின. ஊதியமின்றி, பெரும்பாலும் ஓய்வு நேரத்தில் உழைத்துவந்த சிலர் உறக்கமின்றி ஓட்டையை அடைத்தார்கள், வசவும் அவர்களுக்கே!

குற்றம் யாருடையது? இலவசம் என்பதால் கொடுப்பவரின் பொறுப்பு குறைந்துவிடாது, மெய்தான். ஆனால் அந்த நிரல் எட்டு ஆண்டுகள் எல்லோர் கண்முன்னும் திறந்தே கிடந்தது. அதை வைத்துப் பிழைத்தவர்களில் எத்தனை பேர் புரட்டிப் பார்த்தார்கள்? இந்தத் தானத்தில் பல்லைப் பிடித்துப் பார்ப்பது நன்றிகேடு அல்ல, அதுதான் நன்றி.