அப்பன் அடித்த கதையை எழுதலாமா?

நம் சேரிப் பிள்ளைகளுக்கான கதையில் அப்பன் அடிப்பது வரலாமா? வரக்கூடாது என்கிற தோழர்கள் இருக்கிறார்கள். "ஏற்கெனவே குடிகாரன், முரடன்னு ஊர்க்காரன் பேசறான். நாமளே எழுதிக் குடுக்கணுமா?" என்கிறார்கள். அந்தப் பயத்தில் நியாயம் உண்டு. 1982இல் 'தி கலர் பர்ப்பிள்' எழுதிய ஆலிஸ் வாக்கர் மீதும், கறுப்பின ஆண்களை இழிவுபடுத்தினார் என்ற பழி விழுந்தது. 1994இல் 'சங்கதி'யில் பாமா, தலித் பெண்கள் வீட்டுக்குள் படும் அடியையும் எழுதினார். அதனால் நம் அரசியல் சிறுத்துப்போகவில்லை. பேசாமலிருந்த பாதிப்பேர் பேச வந்தார்கள். பிள்ளைகளுக்கு அந்தக் கதவு இன்னும் சரியாகத் திறக்கவில்லை.

ஆம்பூர், பேரணாம்பட்டுப் பக்கம் ஒரு அப்பன் எங்கிருந்து வீட்டுக்கு வருகிறான் என்று எனக்குத் தெரியும். தோல் ஷாப்பில் சுண்ணாம்புத் தண்ணீரில் கை வெந்து, மேஸ்திரியிடம் ஏச்சு வாங்கி வருகிறான். 2015 ஜனவரியில் ராணிப்பேட்டை சிப்காட்டில் சுத்திகரிப்பு நிலையத்துத் தொட்டி உடைந்து, தோல்கழிவுச் சேற்றில் 10 தொழிலாளர்கள் செத்தார்கள். உயிருக்கு இவ்வளவுதான் விலை என்று தினமும் சொல்லும் இடத்திலிருந்து வருகிறவன் அவன். ஆனால் அதே தொட்டியில் நின்றுவிட்டு, பிள்ளைமேல் கை வைக்காத நைனாக்களும் நம் தெருவில் இருக்கிறார்கள். சாதியும் கூலியும் அடிக்குக் காரணம் சொல்லும், அடியை நியாயமாக்காது.

எங்கள் மாலைநேர வகுப்பில் ஒரு கதை வாசித்தோம். குடித்து அடிக்கும் அப்பா கடைசியில் அழுகிறார், மகள் ஓடிப்போய்க் கட்டிக்கொள்கிறாள். ஆறாவது படிக்கும் பெண் ஒருத்தி கேட்டாள்: "செரி, மறுநாளு சாயங்காலம் அந்த நைனா குடிச்சாரா இல்லியா?"

கதையில் அதற்குப் பதிலில்லை. அந்த அழுகை பெரியவர்களின் நிம்மதிக்காக எழுதப்பட்டது. மன்னிக்கும் வேலை குழந்தை தலையில் விழுகிறது. பாலாற்றைக் கெடுத்த தோல் ஷாப்புகள் வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம், கெடுத்தவனே ஈடு கட்டணும், கெட்டதைச் சரிசெய்யும் செலவும் அவனுடையதே என்றது. கெட்டுப்போன கிணற்றிடம் யாராவது மன்னிப்பு வசூலிப்பார்களா? பிள்ளைகளிடம் மட்டும் ஏன் கேட்கிறோம்?

அடிபட்ட பிள்ளைக்குக் கதை முதலில் சொல்ல வேண்டியது: இது உன் தப்பில்ல. அடுத்தது, ராத்திரி போய்ப் படுக்க ஒரு ஆயா வீடு, நம்பிச் சொல்ல ஒரு டீச்சர், இப்படி இருக்கிற வழிகளைக் காட்டுவது. பராமரிப்பவரே குழந்தையைக் கொடுமைப்படுத்தினாலும் குற்றம்தான் என்று 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 75ஆம் பிரிவு சொல்கிறது. அதையும் பிள்ளைக்குப் புரிகிற பேச்சில் கதைக்குள் கொண்டுவரலாம்.

அப்பனோடு மறுபடி பேசுவதா வேண்டாமா என்பதை அந்தப் பிள்ளை வளர்ந்து தீர்மானிக்கட்டும். கடைசிப் பக்கத்தில் நாம் அதைத் தீர்த்துவைக்க வேண்டியதில்லை. அவள் அன்றிரவு பயமில்லாமல் தூங்கினாள் என்று எழுத முடிந்தால் போதும்.